வரிச்சலுகைப் பேச்சில் விடுபட்டுப்போகும் தொழிலாளி

ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் கொழும்பு ஏற்றுமதி வருமானத்தை நினைத்துக் கவலைப்படுகிறது. வடக்கு கிழக்கில் நாம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பற்றியும் காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றியும் பேசுகிறோம். இரண்டு பேச்சிலும் விடுபட்டுப்போகிறவர், அந்த ஆடையைத் தைக்கும் தொழிலாளி. போருக்குப் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. ஆகவே இது கட்டுநாயக்கவின் பிரச்சினை மட்டுமல்ல.

சலுகையின் கணக்கு எளிமையானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் ஆடைகளுக்கு வழமையான சுங்க வரி பெரும்பாலும் 12 வீதம். சாதாரண ஜீ.எஸ்.பி. பெறும் நாட்டுக்கு அது 9.6 வீதம். பிளஸ் கிடைத்தால், உற்பத்தி விதிகளுக்கு அமைவான ஆடைகளுக்கு வரியே இல்லை. பதிலுக்கு 27 சர்வதேச சமவாயங்களை ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும். அவற்றில் 8 சமவாயங்கள் சர்வதேச தொழிலாளர் தாபனத்தினுடையவை. கட்டாய வேலை, சிறுவர் தொழில், வேலையில் பாகுபாடு ஆகியவற்றை அவை தடுக்கின்றன. சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் உள்ள உரிமையைப் பாதுகாக்கின்றன.

வறிய நாடுகளின் மலிவான உழைப்பு என்ற ஒரே பலத்தையும் இந்த நியமங்கள் பறித்துவிடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். 1996இல் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்களும், தொழில் நியமங்களைப் பாதுகாப்புவாதத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார்கள். அந்த அச்சம் நியாயமானதுதான். ஆனால் இந்த 8 சமவாயங்களில் ஒன்றுகூட இவ்வளவு சம்பளம் கொடு என்று தொகை குறிக்கவில்லை. கிளிநொச்சியில் பாரிஸ் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்குத் தொழிலாளிக்கு ஒரு வாய் இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை.

இலங்கை 8 சமவாயங்களையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றிய 87ஆம் இலக்கச் சமவாயத்தில் 1995இல் இணைந்தது. 1999ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் திருத்தச் சட்டம், தொழிற்சங்கத்துடன் பேச மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால் அந்தச் சங்கத்தில் 40 வீதமான தொழிலாளர்கள் அங்கத்தவர்களாக இருக்க வேண்டும். ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்தில் 400 பேர். கம்பனி பஸ்ஸில் வந்து, நாளாந்த இலக்கை முடித்து, அதே பஸ்ஸில் வீடு திரும்பும் பெண்கள் எந்த நேரத்தில் கூடிப் பேசுவது? நான்கு பேர் கூடினாலே விசாரிக்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்த வன்னியில் அந்த 400 இன்னும் தூரமானது.

சலுகை பறிபோனால் என்ன நடக்கும் என்பதை 2010இல் பார்த்தோம். அன்று காரணம் தொழிலாளர் சமவாயங்கள் அல்ல. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடுப்பு, சிறுவர் உரிமைகள் ஆகிய மூன்று சமவாயங்களும் ஒழுங்காக நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பதே காரணம். சலுகையை நீடிக்க ஒன்றியம் 15 நிபந்தனைகளை வைத்தது. தடுத்து வைக்கப்பட்டோரின் பெயர்ப் பட்டியலைக் குடும்பங்களுக்குக் கிடைக்கச் செய்வது அவற்றில் ஒன்று. இறைமையில் தலையிடுவதாகச் சொல்லி அரசாங்கம் மறுத்தது. ஒகஸ்ட் 15ஆம் திகதி சலுகை நின்றது; 2017 மே மாதத்தில்தான் திரும்பி வந்தது. அதே ஆண்டு பெப்ரவரியில் கிளிநொச்சியில் உறவுகளைத் தேடும் தாய்மார் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தார்கள். ஏழு ஆண்டுகள் வரி கட்டப்பட்டது, பட்டியலும் வரவில்லை.

சலுகையை நிறுத்து என்பதும் எப்படியாவது காப்பாற்று என்பதும் தொழிலாளியைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவுகளே. நிறுத்தினால் முதலில் குறைவது அவளுடைய மேலதிக நேர வேலை. காப்பாற்றினால் இலாபத்தில் அவளுக்கு எவ்வளவு என்று கேட்க ஆளில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தற்போதைய திட்டம் 2027 இறுதிவரை நீடிக்கப்பட்டிருக்கிறது. அதன் கண்காணிப்புக் குழுவினர் இலங்கை வரும்போது தொழிற்சங்கங்களையும் சிவில் அமைப்புகளையும் சந்திப்பது வழமை. வடக்கு கிழக்கின் பிரதிநிதிகள் அவர்கள் முன் அரசியல் கைதிகளின் விடயத்தை வைக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. அதே மேசையில் 40 வீத விதியையும் வைக்க வேண்டும். வன்னித் தொழிற்சாலைகளில் எத்தனை சங்கங்கள் அங்கீகரிக்கப்பட்டிருக்கின்றன என்றும் கேட்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை தரும் சமவாயத்தில் இலங்கை ஏற்கெனவே கையெழுத்திட்டிருக்கிறது.