கடலை மிட்டாயில் பால் இல்லை

பள்ளி திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது பெண் அவள். வயது 16, பிளஸ் ஒன். காலைப் பிரேயரில் மயங்கி விழுந்திருக்கிறாள். அம்மா கையில் ஒரு தடித்த ஃபைல். தைராய்டு ரிப்போர்ட், வயிற்று ஸ்கேன், "பிசிஓடி" என்று யாரோ எழுதிய சீட்டு, மூன்று டானிக் பில். மகளின் கழுத்தில் புதுத் தாயத்து வேறு. இவ்வளவு இடங்களுக்கும் போய்விட்டு ஏழு மாதம் கழித்து என்னிடம் வருகிறார்கள்.

"பால் குடிக்க மாட்டேங்குறா டாக்டர். அதைக் குடிச்சா எல்லாம் சரியாயிடும்" என்றார் அம்மா.

"நான் வீகன்" என்றாள் பெண். அதற்கு மேல் பேச்சு இல்லை.

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 46. தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு அப்படி இருக்கலாம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஆடி மாதத்தில் கை சில்லிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இருக்கக் கூடாது.

என் மேசை இழுப்பறையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். ஒன்றை எடுத்து நீட்டினேன். "இதுல பால் இல்ல, நெய் இல்ல, தேன்கூட இல்ல. கடலையும் வெல்லமும்தான். சாப்பிடும்மா." அவள் அதைப் பார்த்த விதத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மேசையில் தேளை விட்டதுபோல் பார்த்தாள். "இப்பதான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகவில்லை என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் அவள் கண் கலங்கிவிட்டது.

கொள்கையா, மறைவிடமா?

நனிசைவம் என்று தமிழில் சொல்லப்படும் வீகன் உணவுமுறையோடு எனக்குச் சண்டை இல்லை. கன்றுக்குட்டிக்காக ஒரு பிள்ளை பாலை விடுகிறது என்றால் அதன் மனதை நான் மதிக்கிறேன். காந்தியும் 1912-இல் பாலை விட்டவர்தான். 1919-இல் படுக்கையில் விழுந்தபோது ஆட்டுப்பாலுக்கு இறங்கி வந்தார், அதற்காகக் கடைசிவரை வருந்தினார். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. எலும்பு வளர்ந்து முடிந்திருந்தது.

ஆனால் கொள்கைக்காக வீகன் ஆன பிள்ளைக்குச் சாப்பாடு பிடிக்கும். தேங்காய்ப்பால் ஊற்றிய ஆப்பம், நல்லெண்ணெய் விட்ட மிளகாய்ப்பொடி, சுண்டல், எள்ளுருண்டை எல்லாம் இறங்கும். பால் இல்லாத ஐஸ்கிரீம் எங்கே கிடைக்கும் என்று ஊரெல்லாம் தேடும். நான் பயப்படுவது வேறு பிள்ளைகளைப் பார்த்து. முதலில் பால் போகும். பிறகு எண்ணெய், பிறகு சோறு, பிறகு தேங்காய், கடைசியில் கடலை. கடலை எந்த மாட்டை வதைத்தது? அந்த இடத்தில் கொள்கை முடிந்து நோய் தொடங்கிவிட்டது. சில பிள்ளைகளிடம் நோய்தான் முதலில் வந்திருக்கும். "நான் வீகன்" என்றால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்பதால் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பெயர் அது.

இதற்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870-களிலேயே இந்தப் பெயரை வைத்துவிட்டார். "சுத்தமான" உணவை மட்டுமே உண்பேன் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் பிடிவாதத்துக்கு ஆர்த்தோரெக்சியா என்ற சொல் 1997-இல் வந்தது. வெள்ளைக்காரர் வியாதி நம் வீட்டுக்குள் வராது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சென்னை மனநல மருத்துவர்கள் 1998-லேயே இங்குள்ள மாணவர்களின் உணவுச் சிக்கல்கள் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பையன்களுக்கும் வரும். அவர்கள் "ஜிம் டயட்" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறார்கள்.

நான் தினமும் கேட்கும் பதில்கள்

"சைவம்தானே டாக்டர், உடம்புக்கு நல்லதுதானே." நம் சைவம் தயிரும் மோரும் நெய்யும் சேர்ந்தது. பாலையும் நிறுத்தினால் பி12 வைட்டமின் வருவதற்கு வழியே இல்லை. நாளுக்கு 2.2 மைக்ரோகிராம், தூசி அளவுதான் தேவை. அந்தத் தூசி எந்தச் செடியிலும் கிடைக்காது. மாத்திரையாகவோ பி12 சேர்த்த உணவாகவோதான் வர வேண்டும்.

"பழைய சோத்துல பி12 கொட்டிக் கிடக்குதாமே." பழைய சோறு நல்ல சாப்பாடு. எனக்கும் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. ஆனால் அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள். ஸ்பைருலினா விற்கிறவர் சொல்வதையும் நம்பாதீர்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போல வேஷம் போடும் பொருள், உடம்புக்கு உதவாது.

"மூணு வருஷமா பால் குடிக்கல, நல்லாத்தானே இருக்கா." கல்லீரலில் பி12 சேமிப்பு இருக்கும்வரை நல்லாத்தான் இருப்பாள். தீர்ந்ததும் கை கால் மரத்துப்போகும், நாக்கு எரியும், விரல் கணுக்கள் கறுக்கும். ஒரு தாய் அந்தக் கறுப்பைப் போக்க எலுமிச்சம்பழமும் கடலைமாவும் வைத்து மூன்று மாதம் தேய்த்திருக்கிறார். தோல் உரிந்ததுதான் மிச்சம். இன்னொரு வீட்டில் "நரம்புத் தளர்ச்சி" என்று லேகியம். வெறும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் வாங்கிப் போடுவது இவற்றைவிட மோசம். ரத்தம் தேறியதுபோலத் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

"பாலுக்குப் பதிலா பாதாம் பால் குடிக்கிறா." கடையில் விற்கும் பாதாம் பாலில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு டம்ளரில் 1 கிராம் புரதம் இருந்தால் அதிகம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம் இருக்கிறது. சோயா பால் என்றால் ஒப்புக்கொள்வேன்.

"கீரை நிறைய சாப்பிடுறா." சாப்பிடட்டும். கீரையிலுள்ள இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். மேலே நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் போச்சு.

"வயசுப் பொண்ணு, டயட்ல இருக்கா." இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. 16 வயதுப் பெண்ணுக்கு நாளுக்கு 2,500 கலோரி வேண்டும் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நான் பார்த்த பெண்ணின் முந்தைய நாள் கணக்கு: இட்லி இரண்டு, வெள்ளரிக்காய் ஒன்று, ஆப்பிள் ஒன்று. 400 கலோரி தேறாது.

மருந்துக்கடை வைத்தியம்

மாதவிடாய் நின்றுவிட்டால் உடனே பிசிஓடி என்று தீர்ப்பு. யார் கொடுத்த தீர்ப்பு? பக்கத்து வீட்டு அக்கா, அல்லது யூடியூப். எள்ளும் பப்பாளியும் கருஞ்சீரகமும் தின்று பார்த்துவிட்டு, கடையில் "பீரியட்ஸ் வர்ற மாத்திரை" வாங்குகிறார்கள். மாத்திரையை நிறுத்தியதும் ரத்தம் வரும், அம்மாவுக்கு நிம்மதி. அடுத்த மாதம் பழைய கதைதான். வீட்டில் அரிசி இல்லாதபோது விருந்தாளியை வர வேண்டாம் என்பதுபோல, உடம்பு மாதவிடாயை நிறுத்தி வைத்திருக்கிறது. அரிசி போடாமல் அழைப்பிதழ் அடித்து என்ன பயன்?

அடுத்தது பசி எடுக்கும் டானிக். இவர்களுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியை அடக்குவதில்தான் இவர்களின் வெற்றியே இருக்கிறது. டானிக் தூக்கத்தைத்தான் கொடுக்கும். பேதி மாத்திரை, விளக்கெண்ணெய், "டீடாக்ஸ்" டீ விஷயத்தில் தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். எடை குறைக்க இவற்றைத் தினமும் ரகசியமாகப் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்களும் உண்டு. பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். உயிர் போகும். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை.

பட்டினி மனதை என்ன செய்யும்

"சமையல் வீடியோவே பார்க்கிறா, எங்களுக்கெல்லாம் கேக் செஞ்சு தர்றா, தான் மட்டும் தொட மாட்டேங்குறா" என்று பெற்றோர் குழம்புகிறார்கள். 1944-45-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டார். நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. எடையில் ஏறக்குறைய கால்பங்கு கரைந்தது. அவர்கள் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்தார்கள், கனவிலும் சாப்பாடே வந்தது, எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். டயட் ஆசையே இல்லாத வாலிபர்களுக்கே அந்தக் கதி. உங்கள் மகள் திமிர் பிடித்து மாறிவிடவில்லை. பட்டினி அவளை மாற்றியிருக்கிறது.

பரிசோதனை

ரத்த அணுக்கள், சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், பி12, வைட்டமின் டி, தைராய்டு, ஒரு இசிஜி. எல்லாம் நார்மல் என்று வந்தாலும் நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

காத்திருக்கக் கூடாதவை

மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை, எழுந்து நின்றால் தலைசுற்றல், கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், முதுகிலும் கையிலும் பூனைமுடி, நாடி 50-க்குக் கீழே, சில மாதங்களில் எடை சரசரவென்று இறங்குதல். முன்பு குண்டாக இருந்த பிள்ளை இப்போது "அளவாக" இருப்பதால் யாரும் கண்டுகொள்ளாமல் விடுவதும் நடக்கிறது. ஊரே பாராட்டிக்கொண்டிருக்கும்போது இதயம் பலவீனமாகிக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பல நாள் பட்டினி கிடந்த பிள்ளையைப் பயந்துபோய் ஒரே நாளில் விருந்து வைத்து ஊட்டாதீர்கள். ரத்தத்தில் பாஸ்பரஸ் திடீரென்று சரிந்து ஆபத்தாகிவிடும். ரொம்ப மெலிந்தவர்களுக்கு முதல் சில நாள் சாப்பாடு மருத்துவமனையில்தான்.

அம்மாக்களே, அப்பாக்களே, அத்தைகளே

சாம்பாரில் ரகசியமாக நெய்யைக் கலக்காதீர்கள். ஒருநாள் கண்டுபிடிப்பாள், பிறகு உங்கள் கைச் சாப்பாட்டையே தொட மாட்டாள். மட்டன் தின்றால்தான் ஆச்சு என்று மல்லுக்கட்ட வேண்டாம். வீகனாகவே இருக்கட்டும், ஆனால் வயிறு நிறைய இருக்கட்டும் என்று பேசுங்கள். கேழ்வரகு, எள், கடலை, பருப்பு, சோயா, தேங்காய், கூடவே பி12 மாத்திரை. வீகனாக இருந்துகொண்டே எடை ஏற முடியும்.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையிலிருந்து வந்த சிகிச்சை முறையில், குணமாகும்வரை தட்டில் என்ன, எவ்வளவு என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கிறார்கள். மூன்று வேளையும் யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது, தட்டு காலியாகும்வரை எழுந்திருக்கவும் கூடாது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். லீவு போடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போட்டீர்களே.

கூடவே மனநல மருத்துவரையும் பாருங்கள். "பைத்தியம்னு சொல்லிடுவாங்க, நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே" என்று தள்ளிப்போடாதீர்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அத்தைகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் "என்னடி, நல்லா ஊதிட்டே" என்று தொடங்குவதை, கும்பிட்டுக் கேட்கிறேன், நிறுத்துங்கள். என்னிடம் வந்த நான்கு பேரில் மூவருக்கு அந்த வாக்கியம் நினைவிருக்கிறது. யார் சொன்னது, எந்த மண்டபம், அன்று தான் என்ன உடுத்தியிருந்தேன் என்பது வரை.

அந்த 16 வயதுப் பெண் பதினொரு நாள் வார்டில் இருந்தாள். இப்போது வாரம் ஒருமுறை வருகிறாள். நாடி 62. இன்னும் வீகன்தான். தோசைக்கு வேர்க்கடலைச் சட்னி வரை வந்திருக்கிறாள். கடலை மிட்டாயை ஒவ்வொரு முறையும் நீட்டுகிறேன். போன வாரம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சாப்பிட்டாளா என்று நான் கேட்கவில்லை.