ஒரு ஃபைபர், இரண்டு வீடு: ஒளியைப் பங்கு போட முடியுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். "டிவி கேபிளில் ஸ்ப்ளிட்டர் போட்டு இரண்டு டிவிக்குக் கொடுக்கிறோமே, ஃபைபரில் அப்படிச் செய்யக் கூடாதா?"

என் பெரியப்பாவுக்கும் இதே சந்தேகம்தான் வந்தது. அவர் அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன். மாடியில் குடியிருக்கும் மகனுக்கும் நெட் கொடுக்கலாம் என்று ஃபைபர் ஒயரை நடுவில் வெட்டி, தோலைச் சீவி, மூன்று முனைகளையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிட்டார். மோடத்தில் எல்ஓஎஸ் என்ற சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. அவருடைய மகள் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் கல்லூரிப் பட்டியலைப் பதிவு செய்ய அன்று மாலையே கடைசி. எனக்குப் போன் வந்தது. மொபைலில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி, கடைசி இருபது நிமிடத்தில் ஒருவழியாகப் பதிவை முடித்தோம்.

"காப்பர் ஒயரை முறுக்கினா கரன்ட் போகுதே தம்பி, இதுல ஏன் போகல?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான பதிலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஃபைபருக்குள் என்ன இருக்கிறது?

பிளாஸ்டிக் உறைகளை நீக்கினால் உள்ளே இருப்பது 125 மைக்ரான் தடிமன் கொண்ட கண்ணாடி இழை. அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் மையத்தில் சுமார் 9 மைக்ரான் அளவுள்ள 'கோர்' என்ற பகுதியில்தான் ஒளி ஓடுகிறது. சுற்றியுள்ள கண்ணாடிக்குப் பெயர் 'கிளாடிங்'. ஒளி வெளியே சிதறாமல் கோரிலேயே கட்டுப்பட்டு ஓடுவதற்கு இந்தக் கிளாடிங்தான் காரணம்.

ஆனால் ஒளி முழுவதும் கோருக்குள் அடங்கி இருப்பதில்லை. அதன் ஓரம் சில மைக்ரான் தூரம் கிளாடிங்கிலும் பரவியிருக்கும். இன்னொரு ஃபைபரின் கோரை அந்த ஓரத்துக்குள் கொண்டு வந்தால், ஒளி அதற்குத் தாவிவிடும். இப்படித் தாவ வைக்கும் கருவிதான் 'கப்ளர்'.

எனவே பெரியப்பா இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது முழுத் தவறு இல்லை. ஆனால் இரண்டு வெற்று இழைகள் ஒட்டிக்கொண்டு இருந்தாலும் கோர்களுக்கு நடுவே 125 மைக்ரான் இருக்கும். சில மைக்ரான் தாவும் ஒளிக்கு அது எட்டாத தூரம்.

இரண்டு ஊஞ்சல்

தளர்வாகக் கட்டிய ஒரே கயிற்றில், ஒரே நீளமுள்ள இரண்டு ஊஞ்சல்களைத் தொங்கவிடுங்கள். ஒன்றை ஆட்டிவிட்டால், சிறிது நேரத்தில் மற்றது தானாக ஆடத் தொடங்கும்; முதல் ஊஞ்சல் நின்றுவிடும். பிறகு ஆட்டம் மறுபடி முதல் ஊஞ்சலுக்கே திரும்பும்.

கப்ளரில் ஒளியும் இப்படியேதான். முதல் ஃபைபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவதற்குப் போகும். இரண்டும் இன்னும் நீளமாக அருகருகே ஓடினால் திரும்பி வரும். பாதி போனதும் பிரித்துவிட்டால் 50:50. கொஞ்சம் போனதும் பிரித்தால் 90:10.

விகிதத்தை மாற்றுவது எப்படி?

1. நகர்த்துதல்: குவார்ட்ஸ் கட்டையில் வளைவான பள்ளம் வெட்டி, அதில் ஃபைபரை ஒட்டி, கோருக்கு மிக அருகில் வரும்வரை பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றுவார்கள். இப்படி இரண்டு கட்டைகளை நடுவே ஒரு துளி எண்ணெயுடன் முகத்தோடு முகம் வைப்பார்கள். திருகைத் திருப்பி மேல் கட்டையை நகர்த்தினால் கோர்களின் இடைவெளி மாறும், பங்கும் மாறும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-ல் இத்தகைய கப்ளரை வெளியிட்டார்கள்.

2. உருக்கி இழுத்தல்: இரண்டு இழைகளைச் சேர்த்துச் சூடாக்கி இழுத்தால் அவை மெலிந்து ஒன்றாகும். இழுக்கும்போதே வெளிவரும் ஒளியை அளந்து, வேண்டிய விகிதம் வந்ததும் நிறுத்துவார்கள். அதன்பின் விகிதம் நிலையானது.

3. சூடேற்றுதல்: கண்ணாடிச் சிப்பில் ஒளியை இரண்டு பாதையாகப் பிரித்து, ஒரு பாதையை மட்டும் சிறிய ஹீட்டரால் சூடாக்கி மறுபடி சேர்ப்பார்கள். வெப்பத்துக்கு ஏற்ப ஒளி எந்த வாசலில் எவ்வளவு வெளிவரும் என்பது மாறும்.

4. வளைத்தல்: ஃபைபரை அதிகமாக வளைத்தால் ஒளி கசியும். ஒயரை வெட்டாமலே அதில் ஒளி ஓடுகிறதா என்று டெக்னீஷியன்கள் பார்க்கும் கருவி இந்தக் கசிவைப் பயன்படுத்துகிறது.

விகிதம் ஏன் முக்கியம்? ஒரே தெருவில் வரிசையாக நான்கு வீடுகளுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் 25 சதவீதம் எடுக்க வேண்டும். மீதியில் மூன்றில் ஒரு பங்கு இரண்டாவது வீட்டுக்கு. அதன் மீதியில் பாதி மூன்றாவதுக்கு. எஞ்சியது கடைசி வீட்டுக்கு. எல்லா இடத்திலும் 50:50 போட்டால் கடைசி இரண்டு வீட்டுக்கும் எட்டில் ஒரு பங்குதான் போகும்.

உங்கள் வீட்டுக் கணக்கு

பரவலாக உள்ள ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் 32 வீடுகளுக்குப் பிரிவது சகஜம். ஒளி பாதியாகும் ஒவ்வொரு முறையும் 3 டெசிபல் குறையும். 32 என்பது ஐந்து முறை பாதியாவது; ஆக 15 டெசிபல், நடைமுறையில் சுமார் 17. இதோடு ஒயரின் நீளமும் கனெக்டர்களும் சேர்ந்து சிறிது குறைக்கும். உங்கள் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று இருக்கும். அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27-க்கும் நடுவே இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறுபடும்.

வீட்டில் இன்னொரு ஸ்ப்ளிட்டர் போட்டால் மேலும் மூன்றரை டெசிபல் போகும். அதைச் சமாளித்தாலும் பயனில்லை. இரண்டாவது மோடம் நிறுவனத்திடம் பதிவாகி இருக்காது. எந்த மோடம் எந்த நொடித்துளியில் பேச வேண்டும் என்பதை எக்ஸ்சேஞ்சில் உள்ள கருவிதான் தீர்மானிக்கிறது. பதிவில்லாத மோடத்துக்கு அது இடம் தராது.

கவனிக்க வேண்டியவை

* மாடிக்கு நெட் வேண்டுமா? மோடத்தின் லேன் போர்ட்டிலிருந்து சாதாரண லேன் ஒயர் இழுத்து, மேலே ஒரு வைஃபை ரவுட்டர் வையுங்கள். அது போதும்.
* மிச்ச ஃபைபரை 6 செ.மீ.க்குக் குறைவான வட்டமாகச் சுருட்டாதீர்கள். மேஜைக் காலுக்கு அடியில் நசுங்க விடாதீர்கள்.
* ஃபைபர் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி.
* ஒயர் அறுந்தால் டேப் வேண்டாம். 9 மைக்ரான் கோர்களை நேருக்கு நேர் உருக்கி ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் தேவை.

மறுநாள் வந்த டெக்னீஷியன் சில நிமிடங்களில் ஒட்டிக் கொடுத்தார். பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து மெஷினின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாடிக்கு லேன் ஒயர் இழுக்கும் வேலையை மட்டும் அவர் யாரிடமும் விடவில்லை. சுவரோடு ஒட்டி, ஒரே நேர்கோட்டில் கிளிப் அடித்து, அவரே முடித்தார்.