இருளில் முடியும் சங்கீதம்

துயருற்ற வீட்டிற்குச் செல்வோர், "எல்லாம் தேவ சித்தம், முறையிடலாகாது" என்று கூறி எழுந்து வருவதை நாம் கண்டிருக்கின்றோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அதன்பின் வாய் திறப்பாளோ? செபத்திலும் அவள் நல்ல சொற்களையே தேடுவாள்.

வேதாகமம் அவள் வாயை அடைக்கவில்லை. 150 சங்கீதங்களுள் முறையீடுகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை கண்ணீரிலே தொடங்கினும் நம்பிக்கையிலே முடிவன. ஏமான் பெயரால் வழங்கும் 88ஆம் சங்கீதமோ அத்தகையதன்று. இரவும் பகலும் கதறியவன், தன்னைத் தள்ளிவிட்ட காரணத்தை வினவுகின்றான். விடை வரவில்லை, பாட்டு இருளிலேயே முடிகின்றது. ஆயினும் அவன் வினவியது இறைவனிடமே, வேறெவரிடமும் அன்று. சிலுவையிலே இயேசுநாதர் உரத்துக் கூவியதும் 22ஆம் சங்கீதத்தின் முதலடியாகிய முறையீட்டையே.

யோபுவின் வரலாறு இன்னும் வியப்புத் தருவது. தான் பிறந்த நாளையே சபித்தவன் அவன். கடவுளோடு வழக்காட வேண்டும் என்றவன். கடவுளுக்காகப் பரிந்து பேசியவர்களோ எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர். ஈற்றில் தேவகோபம் மூண்டது அம்மூவர் மீதே. யோபுவே சரியாய்ப் பேசினான் என்பது அவர் தீர்ப்பு.

அந்நண்பர்கள் வந்த புதிதில் ஏழு நாள் இரவும் பகலும் யோபுவின் அருகே தரையிலமர்ந்து, ஒரு சொல்லும் பேசாதிருந்தனர். அதுவரையில் அவர்கள் செய்தது சரியே என்போம் நாம்.