சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

2021 நவம்பர் 20ஆம் திகதி கொழும்பு ரேஸ் கோர்ஸ் கட்டடத்திலிருந்த உணவகமொன்றில் காஸ் வெடித்தது. அடுத்து வந்த வாரங்களில் நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் அதே செய்திதான். சமைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடி அடுப்புகள் சிதறின, ரெகுலேட்டர்கள் பற்றிக்கொண்டன, உயிர்களும் போயின. வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் சிலிண்டரைக் குசினியிலிருந்து பல்கனிக்கு நகர்த்தலாம். கொட்டாஞ்சேனைத் தோட்டத்து வீட்டில் பல்கனிக்கு எங்கே போவது? வாசற்படிதான்.

ஹோஸ் பழசு, கிளிப் தரமில்லை, கவனம் போதாது என்று முதலில் வீட்டுக்காரர்களைத்தான் குறை சொன்னார்கள். ஆனால் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி நியமித்த குழு ஆராய்ந்து சொன்னது வேறு: சிலிண்டருக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் கலக்கும் விகிதம் மாறியதே பிரதான காரணம். புரொப்பேனின் பங்கு கூடியிருந்தது.

இரண்டும் ஒரே நீலச் சுவாலையில் எரிந்தாலும் குணம் ஒன்றல்ல. பியூட்டேன் ஏறத்தாழ 0 பாகையிலும் புரொப்பேன் மறை 42 பாகையிலும் கொதிக்கின்றன. பனி கொட்டும் கனடாவில் வெளியே நிற்கும் சிலிண்டரில் புரொப்பேன் இல்லாமல் அடுப்பு எரியாது. நமது வெயிலுக்கோ 30 பாகையில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் 10 மடங்கைத் தாண்டும். பியூட்டேனுடையது 3 மடங்குக்குள் நிற்கும். ரெகுலேட்டரைக் கடந்த பிறகுதான் அந்த அழுத்தம் தணிகிறது. சிலிண்டரின் வால்வும் ரெகுலேட்டரும் சேருமிடம் முழு அழுத்தத்தையும் தாங்க வேண்டும். பியூட்டேன் கூடிய கலவைக்குத் தாக்குப்பிடித்த தேய்ந்த ரப்பர் வளையம் கூடிய அழுத்தத்துக்கு இடம் விட்டுவிடும். அதே சிலிண்டர், அதே அடுப்பு, உள்ளே வேறு சரக்கு. சமைக்கிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லப்படவில்லை. இதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. வாங்கும் பொருளில் என்ன கலந்திருக்கிறதென்று அறிவது வாடிக்கையாளரின் உரிமை.

வீட்டில் நம் கையிலிருப்பது அந்த இணைப்பு. சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் சவுக்கார நுரையை வால்விலும் ரெகுலேட்டரிலும் ஹோஸின் இரு முனைகளிலும் பூசிப் பாருங்கள். குமிழி வளர்ந்தால் கசிவு. தீக்குச்சியைக் கிட்டக் கொண்டுபோய்ச் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். கடற்கரைப் பக்க வீட்டுக்காரர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மரைன் டிரைவ் உப்புக்காற்று யன்னல் கம்பியை அரிப்பதுபோல ஹோஸ் கிளிப்பையும் அரிக்கும். துரு கண்டால் அன்றே மாற்றுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். சரித்தால் ஆவிக்குப் பதில் திரவம் வெளியே வரும். ஒரு லீற்றர் திரவம் ஏறத்தாழ 250 லீற்றர் வாயுவாக விரியும். 2022 காஸ் தட்டுப்பாட்டில் நாள்கணக்காக வரிசையில் நின்றவர்கள் கடைசிச் சொட்டுக்காகச் சிலிண்டரைக் கவிழ்த்ததையும் சுடுதண்ணீர் ஊற்றியதையும் குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் அது ஆபத்து. முடிந்துவிட்டதென்று நாம் நினைக்கும் சிலிண்டரிலும் வாயு மிச்சமிருக்கும். அதையும் வால்வைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஓட்டோவில் கொண்டுபோனால் படுக்க வைக்காதீர்கள்.

இப்போது மொட்டைமாடி பார்பிகியூவும் வந்துவிட்டது. டொராண்டோ உறவினர் அனுப்பும் அடுப்பின் இணைப்பு அங்குள்ள புரொப்பேன் டாங்கிக்கானது; நமது சிலிண்டரின் வாய்க்குப் பொருந்தாது. இடையில் எதையாவது செருகி டேப் சுற்றிச் சமாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம். சிலிண்டர் விநியோகிப்பவர் ஏற்கும் ரெகுலேட்டரும் ஹோஸும் கிடைத்தாலொழிய அந்த அடுப்பு பெட்டியிலேயே இருக்கட்டும். பார்பிகியூவைப் பற்றவைக்கும்போது அதன் மூடி திறந்திருக்க வேண்டும். முதல் தடவை பற்றவில்லையென்றால் பூட்டிவிட்டு ஐந்து நிமிடமாவது பொறுங்கள்.

காஸுக்குத் தனியே மணமில்லை. நாம் உணரும் அழுகல் நாற்றம், கசிவு தெரியவென்று சேர்க்கப்படும் மெர்கெப்டனுடையது. காற்றைவிடப் பாரமானதால் வாயு தரையோடு படர்ந்து கான் வழியே கீழே இறங்கும். அடுக்குமாடியில் கசிந்தால் கீழ்வீட்டுக்காரருக்கும் உடனே சொல்லுங்கள். நாற்றம் வந்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ஃபேனுக்கும் அப்படித்தான். கை எட்டினால் வால்வைப் பூட்டி, கதவு யன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு படிக்கட்டால் இறங்குங்கள், லிஃப்ட் வேண்டாம். தீயணைப்புப் படையின் 110ஐ வெளியே வந்த பிறகு அழையுங்கள்.