பிள்ளையின் உள்ளம் நோகும்போது



பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், நெற்றியைத் தொட்ட மாத்திரத்தில் உம்மாவின் கை அதனை அறிந்துவிடுகின்றது. உள்ளத்திலே நோவு கண்டால் அதனை அறிவது எவ்வாறு? ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் குறித்தே இவ்வினாவை எழுப்புகின்றேன்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறித்தது அம்பாறை மாவட்டத்திலேயே. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களில் கடலோர வீடுகள் அழிந்தொழிந்தன. அப்பேரழிவு நிகழ்ந்து மூன்று நான்கு வாரங்களுள், மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய வேறு கரையோரப் பகுதிகளில் 264 பிள்ளைகளை ஆய்வாளர் பரிசோதித்தனர். இடத்துக்கிடம் வேறுபட்டு, நூற்றுக்கு 14 முதல் 39 வரையானோரிடம் பேரதிர்ச்சியால் விளையும் மனவடு நோய் காணப்பட்டது.

ஆழிப்பேரலை ஒன்றுதான் காரணம் என்பதில்லை. வாப்பாவோ உம்மாவோ வெளிநாடு சென்ற பிரிவு, வீட்டுச் சச்சரவு, சகமாணவரின் கேலி, பாடம் விளங்காமை ஆகியனவும் பிஞ்சு உள்ளத்தை வருத்தும்.

எனினும், "என் மனம் நோகிறது" என்று பிள்ளை சொல்வதில்லை; உடலும் நடத்தையுமே அதனைச் சொல்லும். பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் வயிற்றுவலி வரும். விடுமுறை நாளில் அது வராது. உறக்கத்தில் அலறல், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மீளுதல், காரணமற்ற சினம், விளையாட்டில் விருப்பமின்மை ஆகியனவும் குறிகளே. குழப்படிக்காரப் பிள்ளையை ஆசிரியர் உடனே காண்பார். ஒடுங்கிப்போன பிள்ளையை "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடுதலும் உண்டு.

ஒரு குறி மட்டும் நோயாகாது. மூன்று வினாக்களை எழுப்பிப் பாருங்கள். பிள்ளை முன்பிருந்ததினின்றும் மாறியுள்ளதா? அம்மாற்றம் சில வாரங்களாக நீடிக்கின்றதா? படிப்பு, உணவு, உறக்கம், நட்பு ஆகியவற்றைக் கெடுக்கின்றதா? ஆம் எனின், அடித்தும் அதட்டியும் பயனில்லை. அருகமர்ந்து, அவசரமின்றிக் கேளுங்கள். உடல்நோய் உண்டா என்பதை வைத்தியர் முதலிற் பார்க்கட்டும். பின்னர் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடலாம். ஓதிப் பார்ப்பது ஆறுதல் தரலாம். வைத்தியரிடம் செல்வதற்கு அது தடையாதல் கூடாது. பிள்ளை சாவைப் பற்றிப் பேசுமாயின், ஒரு நாளும் தாமதித்தலாகாது.

2004இல் பத்து வயதினராயிருந்தோருட் பலர் இன்று தாமே பெற்றோர். அன்று தம்மிடம் எவரும் கேளாத கேள்வியை, அவர்களேனும் தம் பிள்ளைகளிடம் கேட்பார்களாக.