இருட்டில் தெரியாத கோழி, வெப்பத்தைப் பார்க்கும் பாம்பு

காலையில் கோழிக்கூண்டைத் திறந்து எண்ணிப் பார்க்கிறீர்கள். நேற்று மாலை ஒன்பது கோழிகள் உள்ளே போயின. இப்போது எட்டுதான் இருக்கின்றன. தரையில் இரத்தம் இல்லை, இறகுகூடச் சிதறவில்லை. யாரோ திருடிவிட்டார்கள் என்று வீட்டில் பேச்சு கிளம்பும். ஆனால் இரையை முழுதாக விழுங்கும் மலைப்பாம்பு வந்து போனாலும் கூண்டு இப்படித்தான் இருக்கும்.

ஒவ்வொரு வேட்டை விலங்கும் தன் அடையாளத்தை விட்டுச் செல்லும். கழுத்து கடிபட்டு, பாதி தின்ற கோழி கிடந்தால் மூசாங் என்னும் மரநாயைச் சந்தேகிக்கலாம். பல கோழிகள் செத்துச் சிதறிக் கிடந்து, எதுவும் தின்னப்படவில்லை என்றால் அது பெரும்பாலும் தெருநாய். குஞ்சுகளும் முட்டைகளும் மட்டும் குறைந்தால் எலி. உடும்பின் மேல் மட்டும் அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம். முட்டை திருடுவதில் அது கெட்டிக்காரன்தான், ஆனால் பகலில் இரைதேடும் பிராணி. இரவில் நடந்த திருட்டுக்கு அது பொறுப்பல்ல.

கோழி ஏன் கூச்சல் போட்டு ஓடவில்லை? விடை அதன் கண்ணில் இருக்கிறது. பகலில் கோழியின் பார்வை நம்முடையதைவிட வளமானது. நிறம் உணரும் கூம்பு அணுக்கள் நமக்கு மூன்று வகை. கோழிக்கு அதைவிட அதிகம். நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். ஆனால் அந்தக் கண் வெளிச்சத்துக்காக அமைந்த கண். பொழுது சாய்ந்துவிட்டால் கோழி ஏறக்குறைய எதையும் காண்பதில்லை. அசையாமல் உட்கார்ந்திருப்பதே அதன் தற்காப்பு.

காட்டில் இந்தத் தற்காப்பு ஓரளவு பலித்தது. வீட்டுக்கோழியின் மூதாதையான சிவப்புக் காட்டுக்கோழி, அதாவது ஆயாம் ஹூத்தான், இன்றும் மலேசியக் காடுகளில் வாழ்கிறது. அந்தி சாய்ந்ததும் அது மரக்கிளையில் ஏறி அடைகிறது. நாம் கோழியைக் கிளையிலிருந்து இறக்கி, நான்கு சுவருக்குள் அடைத்துவிட்டோம். அந்தச் சுவரில் ஓர் ஓட்டை இருந்தால், வேட்டை விலங்குக்கு வழி உண்டு. கோழிக்குத் தப்ப வழியில்லை. அரைகுறையான கூண்டு, கூண்டே இல்லாததைவிட மோசம் என்பேன்.

ஒரே இரவில் பத்துக் கோழிகள் சாவதற்கும் இதுவே காரணம். விலங்கியலாளர் ஹான்ஸ் குரூக் 1972இல் வெளியிட்ட ஆய்வில் இங்கிலாந்தின் கடற்காகங்களைப் பற்றி எழுதினார். மிக இருண்ட இரவுகளில் அப்பறவைகள் பறந்து தப்பாமல் தரையிலேயே இருந்தன. நரிகள் தம்மால் தின்ன முடிந்ததைவிடப் பல மடங்கு பறவைகளைக் கொன்று போட்டுவிட்டுப் போயின. இரை ஓடிவிட்டால் வேட்டை அங்கே முடிந்துவிடும். ஓடாத இரை சுற்றிலும் இருந்தால், கடிக்கும் தூண்டுதல் ஓயாது. பூட்டிய கூண்டுக்குள் புகுந்த விலங்கின் நிலையும் இதுதான்.

உதட்டில் ஒரு வெப்பமானி

மலைப்பாம்புக்கு இருட்டு ஒரு தடையே அல்ல. நம் நாட்டின் வலை மலைப்பாம்பு, அதாவது ஊலார் சாவா, உலகிலேயே நீளமான பாம்பு இனம். ஆறு மீட்டரைத் தாண்டியும் வளரும். அதன் உதட்டோரம் வரிசையாகச் சிறு குழிகள் உண்டு. சுமார் 41 பாகை செல்சியஸ் உடல் வெப்பத்துடன் உறங்கும் கோழி, அந்தக் குழிகளுக்குக் குளிர்ந்த இரவில் எரியும் விளக்கு போல.

இந்தக் குழிகள் வெப்பத்தை எப்படி உணர்கின்றன? அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸின் குழு 2010இல் இதற்கு விடை கண்டது. நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஏ1 என்ற புரதம்தான் அந்த உணரி. அதே புரதம் நம் உடலிலும் உண்டு. நமக்கு அது கடுகின் காரத்தை உணர்த்துகிறது!

ஜூலியஸ் 2021இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது வேறொரு புரதத்துக்காக. மிளகாயின் காரத்தை உணர்த்தும் டிஆர்பிவி1 அது. கோழியிடம் உள்ள டிஆர்பிவி1 மிளகாய்க் காரத்துக்கு மசிவதில்லை, எலியினுடையது மசியும். தீவனத்தில் மிளகாய்த் தூள் கலந்தால் கோழி கவலையின்றிக் கொத்தும், எலி முகம் சுளிக்கும். இது விளையாட்டுச் செய்தி அல்ல. இரவில் மிஞ்சிய தீவனம் எலியை அழைக்கும், எலியின் வாடை மலைப்பாம்பை அழைக்கும். தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் வைப்பது பாம்புக்கு எதிரான முதல் வேலை.

கம்பி வலையில் கணக்கு

கடையில் 'கோழி வலை' என்று விற்கும் அறுகோண வலையை நம்பாதீர்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவே. மெல்லிய கம்பி என்பதால் நாய் கிழித்துவிடும். குட்டி மலைப்பாம்பு கண்ணியினூடே நுழைந்துவிடும். தேவைப்படுவது பற்றவைத்த கம்பி வலை, அரை அங்குல (சுமார் 13 மில்லிமீட்டர்) சதுரக் கண்ணி. கூண்டைச் சோதிக்க 10 சென் நாணயம் போதும். அதன் விட்டம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். வலையிலோ, கூரை இடுக்கிலோ, கதவோரத்திலோ நாணயத்தை முகம் பார்க்க வைத்து அழுத்துங்கள். உள்ளே விழுந்தால் அந்த இடத்தை அடைக்க வேண்டும்.

பலகை அடித்து முழுவதும் மூடிவிடலாமே என்று தோன்றும். கூடாது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றோட்டம் இல்லாத பெட்டி கோழிக்கு அடுப்பாகிவிடும். எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா வேறு.

தோண்டும் விலங்குகளுக்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. வலையைச் சுவரடியோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக அரை மீட்டர் தரையில் விரித்து மண்ணால் மூடுங்கள். சுவரோரமாகவே தோண்டத் தொடங்கும் நாயின் நகம் வலையில் மாட்டி நிற்கும். மூசாங் ஏறி வரும் என்பதால் மேலேயும் வலை வேண்டும். கதவுக்குச் சுழலும் மரக்கட்டை போதாது. தாழ்ப்பாளும் கொக்கியும் சேர்ந்திருக்கட்டும். கூண்டைச் சுற்றிக் கந்தகத் தூள் தூவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பாம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பணத்தில் இன்னும் ஒரு மீட்டர் வலை வாங்கலாம்.

கதவைச் சாத்தும் நேரத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ இரவு 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைகிறது. கோழிகள் தாமாகவே அடைந்துவிடும். 7.45க்கு ஒருவர் போய் எண்ணிப் பார்த்துத் தாழிட்டால் போதும். வீட்டில் யாருடைய பொறுப்பு என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். 'நீ சாத்தினாய் என்று நினைத்தேன்' என்ற ஒரு வாக்கியத்துக்குப் பலியான கோழிகள் ஏராளம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு காலை, வயிறு புடைத்த மலைப்பாம்பு கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கலாம். மெலிந்த உடலோடு நுழைந்த ஓட்டை வழியே, கோழியை விழுங்கிய பின் அதனால் வெளியேற முடியாது. கட்டையை எடுத்துக்கொண்டு கிட்டே போகாதீர்கள். அதற்கு நஞ்சு இல்லை, ஆனால் பின்னோக்கி வளைந்த பற்கள் ஆழமாகக் கிழிக்கும். மீதிக் கோழிகளை வெளியே விட்டு, கதவைச் சாத்திவிட்டு, பெரியவர்களிடம் சொல்லி 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். பொது தற்காப்புப் படையினரோ தீயணைப்புப் படையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். அவர்கள் போனதும், பாம்பு எந்த வழியாக வந்தது என்று 10 சென் நாணயத்தோடு தேடத் தொடங்குங்கள்.