கரண்ட் எப்போது வரும்?

மின்சாரம், சமையல் எரிவாயு, காப்பீடு போன்ற சேவைகளை யாரும் ஆசையோடு தேடிப் போவதில்லை. ஒழுங்காக நடக்கும்வரை அவை கண்ணிலும் படுவதில்லை. கடலூர் மாவட்டத்துப் புவனகிரி கடைத்தெருவில் ‘நேற்று கரண்ட் அருமையாக இருந்தது’ என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? போன அன்றைக்குத்தான் பேச்சே. அதனால் மின்வாரியத்தைப் பற்றி மக்கள் மனத்தில் பதிவது எல்லாம் இருட்டில் பதிவதுதான்.

கடலூர் மாவட்டத்துக்கு இது நன்றாகவே தெரியும். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரித்து வெளிமாநிலங்களுக்கும் மின்சாரம் அனுப்பும் இந்த மாவட்டத்தில், பல கிராமங்கள் வாரக்கணக்கில் விளக்கில்லாமல் கிடந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போன் சார்ஜும் அதிலேயே. வெளி மாவட்டங்களிலிருந்து மின் ஊழியர்கள் வந்து கம்பம் நட்டார்கள். அப்போது ஊருக்கு ஊர் கேட்ட கேள்வி ஒன்றே: எங்கள் பக்கம் எப்போது?

காத்திருப்பின் உளவியல் பற்றி டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதிய கட்டுரை இதைத்தான் அலசுகிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் உள்ளதைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார் அவர். நம் ஊர் அனுபவமும் அதுதான். பராமரிப்புக்காக நாளை காலை 9 மணி முதல் மின்தடை என்று பேப்பரில் வந்தால், முந்தைய நாளே மாவு அரைத்து, தொட்டியை நிரப்பிவிடுகிறோம், கோபம் வருவதில்லை. சொல்லாமல் போகும் அரை மணி நேரம்தான் ஆளை வதைக்கிறது.

2021 ஜூனில் தமிழ்நாடு அரசு ‘மின்னகம்’ என்ற நுகர்வோர் சேவை மையத்தைத் தொடங்கியது. 94987 94987 என்ற எண்ணில் இருபத்துநான்கு மணி நேரமும் புகார் சொல்லலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது நல்லது. மின்னகம் வருவதற்கு முன்பு பலருக்கும், எடுக்காத ஈபி ஆபீஸ் போனுக்கு மறுபடி மறுபடி அடிப்பதும், தெரிந்த லைன்மேனைத் தேடுவதும்தான் வழி. லைன்மேனைத் தெரியாதவர் பாடு திண்டாட்டம்.

ஆனால் புகாரைப் பதிவதோடு பாதி வேலைதான் முடிகிறது. மத்திய அரசு 2020 டிசம்பரில் கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் மீதிப் பாதியைச் சொல்கின்றன: திடீர் மின்தடை என்றால் நுகர்வோருக்கு உடனே எஸ்எம்எஸ் போன்ற வழியில் தகவல் தர வேண்டும், எப்போது சரியாகும் என்ற உத்தேச நேரமும் அதில் இருக்க வேண்டும். சில சேவைக் குறைபாடுகளுக்கு இழப்பீடும் உண்டு. என்னைக் கேட்டால், பிறந்தநாள் வாழ்த்து அனுப்பும் நிறுவனங்கள் அந்த எஸ்எம்எஸ் செலவை இதற்குத் திருப்பலாம். ‘டிரான்ஸ்ஃபார்மரில் பழுது, ஏழு மணிக்குள் வந்துவிடும்’ என்று ஒரு வரி வந்தால், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அதற்குள் சாப்பிட்டு முடித்துவிடும்.